உதடு மூடாத இடம்

செய்தி வந்தது காலை பதினொன்று பத்துக்கு. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் தங்கை அடுத்த நோயாளியை அழைக்க வாயெடுத்த நேரம். போனில் பேசியவர் டப்பிங் ஸ்டூடியோவின் சவுண்ட் இன்ஜினியர். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அக்கா வேற்றுமொழிப் படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதுகிறவள். இருபத்திரண்டு வருடம் எழுதினாள். அழுகிற ராணி, பேசுகிற கரடி, குண்டு வைக்கிறவன் எல்லோரும் அவள் தமிழில்தான் பேசினார்கள். நடிகர் உதட்டை மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து வந்து விழ வேண்டும். வாய் திறந்திருக்கும்போது வரவே கூடாது. சாயங்காலங்களில் சத்தத்தை அணைத்துப் படத்தை ஓடவிட்டு அவள் வசனம் படிப்பாள். தங்கை திரையை மட்டும் பார்த்து, “மூடுது, தொறக்குது” என்பாள். கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் தினமும் இதே சத்தம். கதவு கெட்டுப்போயிருக்கிறது போல என்று எதிர்வீட்டுக்காரி ஒரு தச்சரின் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசியாக வந்தது ஒரு பள்ளிக்கூடக் காமெடிப் படம். இருநூறு வருடப் பழைய நாவல் ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். நாவலில் தங்கைக்கு வந்த காதல் கடிதத்தை அக்கா ஒளித்துவைக்கிறாள். படத்தில் கைப்பேசிச் செய்தியை அழிக்கிறாள். சண்டைக் காட்சியை அக்கா படித்துக் காட்டினாள். “நீ யாருக்கா என் கதைய எழுத? உன் கதைக்கே ஆளக் காணோம்.”

உதட்டுக்கு அச்சாகப் பொருந்தியது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பாதிச் சிரிப்பில்தான் அது தன்னுடைய வாக்கியம் என்று உறைத்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தங்கையைப் பெண் கேட்டு வந்த கால்நடை மருத்துவரிடம், அவளுக்கு இஷ்டமில்லை என்று அக்கா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். விஷயம் தெரியவந்தபோது அவருக்குக் குழந்தையே பிறந்திருந்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் தங்கை கத்தியது இது. அக்கா அதற்கு மன்னிப்பும் கேட்டதில்லை, மறந்ததும் இல்லை போலிருக்கிறது. வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு, உதட்டுக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்றுதான் கணக்கு.

அதைப் படித்துக் காட்டிய பிறகு மூன்று வாரம் வீட்டுச் சாவியைப் பற்றி மட்டும் பேச்சு நடந்தது. செய்தி வந்த அன்று காலை, ஸ்டூடியோவுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அக்கா தயங்கி நின்றாள்.

“கடைசி சீன் மட்டும் பாக்கி. ஒரு தடவ பாத்துச் சொல்றியாடி?”

“உனக்குத் தெரியாததா?” என்றாள் தங்கை. அவளுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து சவுண்ட் இன்ஜினியர் அக்காவின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். “உங்களக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன்னு சொல்லிட்டாங்கம்மா,” என்றார். பைக்குள் கடைசிக் காட்சியின் தாள் இருந்தது. படத்து அக்கா தங்கையிடம் மன்னிப்புக் கேட்கிற இடம், இருநூற்றுப் பதினான்காம் வசனம். ‘மன்னிச்சுடு’ என்று எழுதி அடித்திருந்தாள். பக்கத்தில் பென்சிலில் ‘வாய் திறந்திருக்கு’ என்று குறிப்பு. கீழே மறுபடி ‘மன்னிச்சுடு’, மறுபடி அடித்தல். ஒன்பது முறை. பொருந்தாது என்பது அவளுக்கு முதல் தடவையே தெரிந்திருக்கும்.

தங்கை சத்தத்தை அணைத்துக் காட்சியை ஓடவிட்டாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

“தொறக்குதுக்கா,” என்றாள் தங்கை. திரும்ப ஓடவிட்டாள்.

படம் வெளியாகிவிட்டது. அந்த இடத்தில் இசையைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். அக்காவின் தாளில் இருநூற்றுப் பதினான்காம் வசனம் இன்னும் எழுதப்படவில்லை.