பாய்ப்படகு ஒன்று

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில், வெடித்த தண்ணீர்த் தாங்கியை ஒட்டுகிறார்கள். ரெசின் பசையின் வாடை படிக்கட்டு வழியே இறங்கி வருகிறது. யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்திலும் இதே வாடைதான்.

துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்த அப்பா, யாரோ கைவிட்ட ஃபைபர் கிளாஸ் பாய்ப்படகொன்றை வாங்கி முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதன் வெடிப்புகளைத் தேய்த்து, நார்த்துணி விரித்து, ரெசின் பூசுவார். துகள் பட்டுக் கை அரித்தால் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்.

அந்த வருடமும் கொழும்புத் தமிழர் எல்லோரும் வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிசில் கொடுக்க வேண்டியிருந்தது. படிவத்தில் வாகனங்கள் என்ற இடத்தில் அப்பா, "பாய்ப்படகு ஒன்று" என்று எழுதினார்.

"உதையெல்லாம் ஏன் எழுதுறீங்கள்? ஓட்டைப் படகு," என்றார் அம்மா.

"கேட்டால் எழுதத்தானே வேணும். மறைச்சாத்தான் சந்தேகம்."

"கொழும்பிலேயே நீங்கள் ஒரு ஆள்தான் உந்த ஃபோமை முழுசா நிரப்புறது."

மூன்றாம் நாள் காலை பொலிஸார் வந்தார்கள். படகில் எங்கே போகப்போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பொல்கொடை வாவியில் ஓடிப் பார்க்க என்றார் அப்பா. ஒருவர் சிரித்தார். கை கழுவிக்கொண்டு வர அனுமதித்து, கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அப்பாவை நாங்கள் காணவில்லை.

அடுத்த வருடப் படிவத்தை அம்மா என்னிடம் நிரப்பத் தந்தார். முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னார். வாகனங்கள் என்ற இடம் வந்ததும் நான் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்தேன்.

"இல்லை எண்டு எழுது, பிள்ளை," என்றார் அம்மா.