பேசிலின் சட்டைப்பை

மனன்பெர்கில் எங்கள் தெரு பேசிலின் தொண்டையில்தான் விடியும். மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு "மோபிரே! கேப்!" என்று போகிற ஊர்களை அவன் கத்தினால் செத்தவன்கூட எழுந்து வந்து ஏறிக்கொள்வான். கத்தாத நேரமெல்லாம் வாயில் சிகரெட். என் ஜன்னல் கம்பி வழியாக ஒன்றிரண்டாக விற்பவள் நான். வாங்குகிறவன் நெஞ்சுக்கு நான் பொறுப்பில்லை.

குரல் கம்மியது, அப்புறம் வெறும் காற்றானது. தொண்டையில் புற்று. அறுத்தால் பிழைப்பான், ஆனால் புகையை விட்டுவிட்டு வந்தால்தான் அறுப்போம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி லெட்டிக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். அவள் காவல் நின்றாள். பேசிலும் விட்டான், சத்தியமாக விட்டான்.

ஆனால் தெருமுனையில் கும்பல் பசங்கள் நிற்கிறார்களே. அவர்கள் சிகரெட் கேட்டால் கொடுத்தாக வேண்டும். "நான் பிடிக்கிறதில்லை" என்றால் அவர்கள் காதில் "உனக்கெல்லாம் தரமுடியாது போடா" என்றுதான் விழும். புகை பிடிக்காத பாதிரியார்கூடப் பையில் ரெண்டு வைத்திருப்பார். பேசிலும் அவர்களுக்காக ஒரு பாக்கெட் வைத்திருந்தான்.

ஒரு ஞாயிறு அது லெட்டியிடம் சிக்கியது. வாணலியாலேயே அடித்தாள். நான் ஓடிப்போவதற்குள் அவன் மூக்கில் ரத்தம்.

"பசங்களுக்குடி," என்று மூச்சால் சொன்னான்.

"எத்தன வருஷமா இதே பொய். நேத்து டிரைவருக்கு, இன்னைக்குப் பசங்களுக்கா?"

"நெசந்தான்டி லெட்டி, அப்படிச் சொல்லித்தான் எங்கிட்ட வாங்கினான்," என்றேன்.

"நீ விக்கிறவ. வேற என்ன சொல்லுவே?"

பாக்கெட்டைக் கசக்கிக் கக்கூஸில் போட்டாள்.

மறுநாள் காலை பேசில் வெறும் பையோடு போனான். தெருமுனைக் கும்பலில் ஒருத்தன், ரிகார்டோ, வழிமறித்தான். "அங்கிள், ஒரு சிகரெட்."

பேசில் பையைத் திருப்பிக் காட்டி, தொண்டையைத் தொட்டு, இல்லையென்று தலையாட்டினான். ரிகார்டோ அவன் கையைப் பிடித்துத் தூக்கினான். "விரலெல்லாம் மஞ்சளா இருக்கு. விட்டுட்டாராம்டா அங்கிள். நாங்க என்ன கேனப்பசங்களா?"

கத்தியால் விலாவில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து. பேசில் வாயைப் பிளந்து கத்தினான். சத்தம் வரவில்லை. பக்கத்துக் கதவு ஒன்றுகூடத் திறக்கவில்லை. போலீஸ் துணையில்லாமல் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வராது. அது வந்தபோது அவன் என் மடியில் குளிர்ந்து கிடந்தான்.

அடக்கம் முடிந்ததும் லெட்டி என் ஜன்னலுக்கு வந்தாள். "ஒரு பாக்கெட் குடு."

நேராகத் தெருமுனைக்குப் போய் ரிகார்டோவின் வாயில் ஒன்றை வைத்துத் தானே பற்றவைத்தாள். மிச்சத்தை அவன் பையில் திணித்தாள். மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

"புருஷனக் குத்தினவனுக்கு ஏன்டி ஊட்டுற?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு தொண்ட போக முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அன்றிலிருந்து அவளைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஆனாலும் விற்கிறேன். இன்று வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"காலைல இருமினான், சோஃபி," என்றாள்.