பத்துப் பெட்டிக்கு ஒரு தங்கச் சிங்கம்

கார்டு பேக்கிங் தொழில்ல சரக்கு மோசமா இருந்தா திட்டு விழும், ரொம்ப நல்லா இருந்தா வேலையே போயிடும். பிள்ளைங்க சேர்த்து வச்சு மாத்திக்கிற மிருகக் கார்டு அச்சடிக்கிற ஒரகடம் கம்பெனியில நான் லைன் சூப்பர்வைசர். லைன்ல நின்னு கால் வீங்கினவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும்.

முப்பத்தஞ்சு

திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து இசக்கின்னு ஒரு பொண்ணு சேர்ந்தா. பிள்ளைப்பாக்கத்துல ஆறு பேரோட ஒரே ரூம். மூணு மாசம் டிரையல். தாண்டினா பெர்மனென்ட், இல்லேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊர்ல தம்பி படிப்பு இவளை நம்பித்தான்.

முதல் நாள், கலர் தேஞ்ச கார்டைப் பொறுக்கித் தனியாப் போடச் சொன்னேன். மத்தியானம் பார்த்தா ரிஜெக்ட் டப்பா வழியுது. முயல், ஆமை, ஓணான், எல்லாமே பளிச்சுன்னு இருக்கு. ஏம்மான்னு கேட்டா, கார்டு மூலையில அந்த மிருகத்தோட பலம்னு போட்டிருந்த நம்பரைக் காட்டினா. "இருபதுதான போட்டிருக்கு. முப்பத்தஞ்சுக்குக் கீழன்னா ஃபெயிலுல்லாக்கா?"

கேட்டுல

தங்கச் சிங்கம்னு ஒரு ஜிகினா கார்டு. பத்துப் பெட்டிக்கு ஒண்ணுதான் வைக்கணும். அதனாலதான் அதுக்கு அவ்வளவு மவுசு. ஒரு நாள் ஒண்ணு குறைஞ்சுது. புதுசுங்கிறதால எல்லார் கண்ணும் இசக்கி மேல. வெளிய போற கேட்டுல செக்யூரிட்டி அவ ஷூ, பை, டப்பாவுல மிச்சமிருந்த புளிசாதம் வரைக்கும் கிளறிட்டார். நின்னு கத்திக்கிட்டிருந்த மேனேஜர் திரும்பினார். அவர் முதுகுல ஒட்டிக்கிட்டு சிங்கம் பல்லைக் காட்டுது. செக்யூரிட்டி பதறவே இல்ல. "ஆபீஸ் ஸ்டாஃப செக் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிகீறீங்க."

பாக்கெட்டுக்கு ஒண்ணு

மூணாவது மாசக் கடைசியில, தங்கச் சிங்கம் வைக்கிற இடத்துல அவளையே உட்கார வச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு மாசத்துக்கான கட்டு ஒரே ஷிப்ட்ல காலி. காசு குடுத்து வாங்குற பிள்ளை ஏமாந்து அழக் கூடாதாம். பாக்கெட்டுக்கு ஒண்ணு வச்சிருக்கா.

வச்சவளே பிரிச்சு எடுக்கட்டும், முடிச்சதும் அனுப்பிடுங்கன்னுட்டார் மேனேஜர். மலை மாதிரி பாக்கெட். மனசு கேக்காம நானும் கூட உட்கார்ந்தேன், வேணும்னே மெதுவாப் பிரிச்சேன். முடியறதுக்குள்ள மூணு மாசம் தாண்டிடுச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாவே அவளை பெர்மனென்ட் ஆக்கி லெட்டர் அனுப்பிடுச்சு. லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு இசக்கி என்னைப் பார்த்தா. "வச்சதுக்கு வெளிய போன்னாவ, எடுக்கதுக்கு உள்ள இருங்காவ. இந்தக் கம்பெனி வெளங்குமாக்கா?"

ஊர்ப் பிள்ளைங்க அழறதுக்கு வேண்டிய ஏற்பாட்டையெல்லாம் ஒழுங்கா முடிச்சுட்டு, நாங்க ரெண்டு பேரும் சந்தோஷமா டீ குடிக்கப் போனோம்.