கட்டிப்போட்ட கப்பலின் குழாய்

அஞ்சுகிராமத்தில் நேசையன் வீட்டை விசாரித்தால், "சர்ச்சுக்குப் போகாத அந்த நேவிக்காரரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சர்ச்சுக்குப் போவதை நண்பன் யூஜினின் அடக்கத்தோடு விட்டதுதான். சவப்பெட்டியருகே நின்ற பாதிரியார், ஆண்டவர் தமக்குப் பிரியமானவனை அழைத்துக்கொண்டார் என்றார். ஆண்டவர் அழைக்கவில்லை, ஒரு ரப்பர் குழாய் வெடித்தது என்பது நேசையனுக்குத் தெரியும்.

இருவரும் ஒரே தரையிறங்கு கப்பலில் மெக்கானிக்குகள். கரை மணலில் முகத்தைப் பதித்து, வாயைத் திறந்து, இரும்புப் பாலத்தை இறக்கி டாங்கிகளை வெளியே விடும் கப்பல் அது. அந்தப் பாலத்தைத் தூக்கி நிறுத்துவது குழாய்க்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம். கப்பலைக் கட்டிய நாட்டில் அதற்கு உதிரிபாகம் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆகவே அதே அச்சில் கட்டிய மூத்த கப்பலொன்றைத் துறைமுக ஜெட்டியில் கட்டிப்போட்டு, வேண்டியதை எல்லாம் அதிலிருந்து கழற்றினார்கள். பம்பும் வால்வும் போகட்டும். வெயிலில் கிடந்து விறைத்துப்போன குழாயையும் மாட்டச் சொன்னபோது இருவரும் புதுக்குழாய் கேட்டார்கள். பயிற்சி நாளைத் தள்ள முடியாது என்று பதில் வந்தது.

அந்தக் குழாய் வெடித்துப் பாலம் விழுந்தபோது அதன் கீழே யூஜின் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். விசாரணையில் நேசையன் குழாயைப் பற்றித்தான் சொன்னார். முடிவானதோ, இறந்தவனின் கவனக்குறைவு. வாய் திறக்க முடியாதவன் தலையில் குற்றத்தை ஏற்றிவிட்டால் மற்ற எவனும் வாய் திறக்க வேண்டியதில்லையே!

யூஜினின் மனைவி லிஜாவிடம் அடக்கத்தன்றே சொல்லிப் பார்த்தார். கூட்டுக்காரனுக்காகப் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அலை மறிந்து புரளும்போதும் யோசிக்காமல் வள்ளத்தைக் கடலில் இறக்கியவன் யூஜின். ஆகவே கவனமில்லாமல் செத்தான் என்றதைக் கடற்கரையே நம்பியது. அவள் ஒருத்தியையாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று, ஓய்வுபெற்று வந்த நேசையன் மறுபடியும் போனார்.

முற்றத்தில் லிஜாவின் தம்பி ஆன்ட்ரூஸ் உதிரிபாகத்துக்காக ஒரு பழைய வள்ள எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தான். லிஜா சாயா கொடுத்தாள். தப்பு யூஜின்மேல் இல்லை என்று அவர் தொடங்கினார்.

"நீங்க நல்ல மனசுல சொல்லுதிய அண்ணே. அவருக்குப் பாத்து நிக்கத் தெரியாது."

நேசையன் கட்டிப்போட்ட கப்பலைப் பற்றிச் சொன்னார். ஆன்ட்ரூஸ் சிரித்தான். "இது நாங்க செய்யுத சோலியில்லா? நேவியும் இப்பிடித்தானா?"

"நீ இந்த எஞ்சின்ல ரப்பர் குழாயையும் எடுப்பியா?"

"ரப்பர எவன் எடுப்பான்? நடுக்கடல்ல பொட்டினா ஆளு வீடு வந்து சேரண்டாமா?"

லிஜா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பிறகு நேசையனைக் கேட்டாள்: "அவர அதுக்கக் கீழ நிக்கச் சொன்னது யாரு?"

"வேலையே அங்கதான் லிஜா. வேற எங்க நின்னாலும் செய்ய ஏலாது."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கப்பன மாதிரி கண்ணில்லாம நடக்காதன்னு பிள்ளைய ஏசுவேன் அண்ணே. படத்துக்கு முன்ன நின்னு அவர ஏசாத நாளில்ல. இனி அவருகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

செத்தவர் காதில் எதுவும் விழாது என்பதில் நேசையனுக்குச் சந்தேகமே கிடையாது.

"பிள்ளைகிட்டச் சொல்லு" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு யூஜினின் மகள் வரும்வரை மூவரும் முற்றத்திலேயே இருந்தார்கள்.