முந்நூற்றுப் பன்னிரண்டு குளங்கள் திரும்பி வந்தன

சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற நான், கீரனூர் சுற்றுவட்டாரக் குளங்களைப் பற்றி ஒரு வலைப்பூ நடத்துகிறேன். குளத்துக்கு ஒரு பதிவு, மொத்தம் 312. விவரம் சொன்ன பெரியவர்களில் பத்தொன்பது பேர் இன்று இல்லை.

மேனேஜ்டு ஹோஸ்டிங்குக்கு மாறச் சொன்னாள் மருமகள். தளத்துக்கு இடம் தருவதோடு, பராமரிப்பும் தினசரி நகலும் அந்த நிறுவனத்தார் பொறுப்பு. நாலு மடங்கு விலையாயிற்றே என்று ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு மாறினேன்.

மாறிய ஒன்பதாம் நாள் காலை எண்ணிப் பார்த்தேன். என் நோட்டில் 312, தளத்தில் 314. இரண்டு குளங்கள் இருமுறை பதிவாகியிருந்தன. அவற்றை மட்டும் நீக்குவதாக நினைத்து, எல்லாவற்றையும் தேர்வு செய்யும் கட்டத்தைத் தொட்டு அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். பிறகுதான் பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, எண்ணி எண்ணியே எல்லாக் கொளத்தையும் தூத்துப்புட்டீங்களா?"

"சிரிக்காதம்மா, அவங்களுக்குப் போனைப் போடு."

நாற்பது நிமிடத்தில் முந்தைய நாள் நகலை மீட்டுத் தந்தார்கள். எண்ணினேன்: 314. அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்தச் சேவையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: திரும்ப எழுத முடியாத பதிவுகள் இருந்தால் வாங்குங்கள். நகலை மீட்டும் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். நான் இப்போது திங்கள்தோறும் என் கணினியிலும் ஒரு நகல் இறக்கிக்கொள்கிறேன். கூடுதலான அந்த இரண்டை நீக்கவில்லை. நோட்டில்தான் 314 என்று திருத்தினேன்.