ஆறு கேன் தண்ணீர்

எங்கள் ஊரில் நேரான சாலை கிடையாது. போர்ட் பிளேரில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்று மேடு ஏறிக்கொண்டிருப்பார்கள், இல்லை இறங்கிக்கொண்டிருப்பார்கள், மிச்ச நேரத்தில் வளைந்துகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் அத்தைக்கு, இரண்டு கார்களை அக்கம்பக்கம் நிறுத்தி நேர்கோட்டில் யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்று பார்க்கும் பந்தயத்தின் மேல் எப்படி ஆசை வந்தது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. டிப்ளமோ முடித்துவிட்டு, சாத்தம் பக்கம் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில், எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அப்பா ஆபீசுக்குப் போய்வந்த பழைய எண்ணூறு சிசி காரை, அடியெல்லாம் உப்புக்காற்றில் அரித்துப் போனதால் இனி தேறாது என்று வாசலில் ஓரங்கட்டியிருந்தார். அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா அதைத் தானம் செய்த பெருமையில் இருந்தார். அது ஓடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அது ஓடியது மட்டுமில்லை, தெருவே எட்டிப் பார்க்கும்படி உறுமியது. எங்கள் தீவில் கார் வைத்திருக்கும் பையன்கள் சிலர் சேர்ந்து, ஊருக்கு வெளியே புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு சாலையில் பந்தயம் நடத்த அனுமதி வாங்கியிருந்தார்கள். இருநூறு மீட்டர். அதற்கு மேல் நேராக விட்டால் வளைவு வந்துவிடும். ஜெயிக்கிறவரை மெயின்லேண்டுக்குக் கப்பலில் அனுப்பி, அங்கே நானூறு மீட்டர் நீளத்துக்கு ஒழுங்காகப் போட்ட பந்தயச் சாலையில் ஓட விடுவார்கள். அத்தை ஆசைப்பட்டது அதற்குத்தான். “பாப்பா, அங்க நாலாவது கியரே போடலாமாம்டி” என்று என்னிடம் சொல்வாள், ஏதோ கடலுக்கடியில் அரண்மனை இருக்கிறது என்று சொல்வதைப் போல.

பந்தயப் படிவத்தில் பையன்கள் யாருக்கும் இல்லாத ஒரு நிபந்தனை அத்தைக்கு மட்டும் இருந்தது. வீட்டுப் பெரியவர் கையெழுத்து. அப்பா மூன்று நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். கடைசியில் அம்மா சாப்பாடு போட மாட்டேன் என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

“ஒரே தடவைதான். தோத்தா, கழட்டறதையெல்லாம் திருப்பி மாட்டி வண்டிய எனக்குக் குடுத்துரணும். ஆபீசுக்குப் போக வர எனக்கு ஆகும். டீக் ஹை?”

“டீக் ஹை, அண்ணே” என்றாள் அத்தை.

அன்றிலிருந்து காரின் எடையைக் குறைக்கும் வேலை தொடங்கியது. எஞ்சினில் செய்ய வேண்டியதை அத்தை ஏற்கெனவே செய்திருந்தாள். மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய சைலன்சர் குழாய், கடல் சரியில்லாமல் கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போய் வந்து சேர்ந்து, அதையும் மாட்டியாகிவிட்டது. இனி எஞ்சினைத் திருகிப் பயனில்லை, சுமையைத்தான் இறக்க வேண்டும் என்றாள். தெருவில் மீன் விற்க வருகிறவளிடம் தொங்கும் தராசைக் கடன் வாங்கிவந்து மாமரக் கிளையில் கட்டினோம். அத்தை கழற்றுவாள், தூக்கி மாட்டுவாள். நான் முள்ளைப் பார்த்துச் சொல்லி, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். பின்சீட்டு பதினான்கு கிலோ. ஸ்டெப்னி பன்னிரண்டு. ஜாக்கி, தரைவிரிப்பு, கூரையின் உள்துணி, கதவின் உள்பக்க அட்டை என்று ஒன்றையும் விடவில்லை. டிக்கிக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தகரத் தடுப்பு மட்டும் வைத்தாள். டிக்கியின் பூட்டைக் கூடக் கழற்றிவிட்டு, கதவை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டினாள். பூட்டு முக்கால் கிலோ இருந்தது.

“முக்கியமா பின்னாடிதான் லேசா இருக்கணும். இந்த வண்டிய இழுக்கறது முன் சக்கரம். பின்னாடி பாரம் ஏறுனா முன்னாடி பிடிப்பு போயிரும்” என்று சொன்னாள். நான் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். நோட்டில் எழுதுகிறவள் நான் அல்லவா.

எனக்கு மனதில் பட்டது வேறு ஒன்று. பந்தயத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம், ஓட்டிப் பார்க்கப் போனபோது, தெருமேட்டில் கார் சூடாகி ஆவி விட்டு நின்றுவிட்டது. அத்தை இரண்டு வீடுகளில் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் வராத நாள் அது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் அரைமணி நேரம். அன்று யாரும் தருவதற்கில்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு பெங்காலி அம்மா மட்டும், “பானி நஹி ஹை பேட்டி” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அத்தை ரோட்டோரக் கல்லில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததேயில்லை. பந்தயத்தன்று அவளை அப்படி உட்கார விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

பந்தயத்துக்கு முந்தின நாளே காரைப் பார்த்துச் சோதித்து, கண்ணாடியில் எண் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு, காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் மனிதர்களாக இருக்க மாட்டோம். “ஜல்தி, ஜல்தி! காலியா ஒண்ணையும் விடாத!” என்று அம்மா கத்துவாள், குடம், வாளி, குக்கர், சொம்பு, டம்ளர் வரைக்கும் நிறைந்துவிடும். அத்தை உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாங்கிய ஐந்து லிட்டர் கேன்கள் ஆறு கொல்லையில் காலியாக இருந்தன. நான் ஆறையும் நிரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் அடுக்கி, உருளாமல் சாக்கை மடித்துச் செருகி, கயிற்றை மறுபடியும் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். பள்ளிக்கூட ரிப்பன் முடிச்சு, இரண்டு காது வைத்தது.

தண்ணீருக்கு எடை உண்டு என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். குடம் தூக்கித் தூக்கி இடுப்பு காய்த்துப் போன பெண் நான். ஆனால் எடை என்பது சீட்டுக்கும் ஸ்டெப்னிக்கும்தான் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் எங்கள் வீட்டில் சாமான் கணக்கில் வராது. அது இருக்கிறது, அல்லது இல்லை, அவ்வளவுதான்.

காரில் ஒரே ஒரு சீட்டு என்பதால் அத்தை முன்னால் போக, நாங்கள் மூவரும் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். போய் இறங்கியதும் அத்தை, “மேட்டுல வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குதுண்ணே. காத்துல ஈரம் ஜாஸ்தி போல” என்றாள். அப்பா வானத்தைப் பார்த்து, ஆமாம் என்றார்.

முதல் சுற்றில் எதிராளியின் கார் கிளம்பவே மறுத்துவிட்டது. அத்தை அலுங்காமல் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். அதில் அவளுக்கு எதிராக பம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த ஒரு பையனின் பச்சை கார். அத்தை வளையலைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு வாட்ச். பிறகு யோசித்துவிட்டு, செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள். காலையில் சாப்பிடவும் இல்லை என்று அம்மா முணுமுணுத்தாள்.

கொடி இறங்கியது. பச்சை கார் பாய்ந்தது. அத்தையின் காரில் முன் சக்கரங்கள் ஒரு கணம் அங்கேயே சுற்றிப் புகை விட்டு, அப்புறம்தான் பிடித்தன. பிடித்த பிறகு அவள் வந்த வேகத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். பாதியில் பச்சை காரின் பின்கதவை எட்டினாள், பிறகு முன்கதவை. இன்னும் பத்து மீட்டர் இருந்திருந்தால் போதும். கோட்டைத் தாண்டும்போது பச்சை காரின் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, ஜெயித்த காரிலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் பானட்டைத் திறந்துவிட்டு, “பானி ஹை கிஸீகே பாஸ்?” என்று தண்ணீர் கேட்டுக் கத்தினான். சுற்றிலும் வெட்டவெளி, யாரிடமும் இல்லை. என் வாழ்க்கையின் பெரிய நேரம் வந்துவிட்டது.

“எங்க அத்தை டிக்கில இருக்கு! ஆறு கேன் இருக்கு!” என்று கூவினேன்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். டிக்கிக்குப் போய் அந்த ரிப்பன் முடிச்சைப் பார்த்தாள். அதன் ஒரு காதைப் பிடித்து மெதுவாக இழுத்து அவிழ்த்தாள். கேன்களைக் கண்டதும் அப்பா வாயைத் திறந்தார். அவர் பார்வை என் பக்கம் திரும்புவதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்:

“மூணாவது கியர் விழலண்ணே. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

“அதானே பார்த்தேன்” என்று பின்னால் யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அத்தை என் கன்னத்தைத் தட்டி, “நல்ல வேளை கொண்டாந்தே பாப்பா” என்றாள். அந்தப் பையனின் ரேடியேட்டருக்கு ஒரு கேன் போனது. மூன்று கேன்களை வந்தவர்கள் குடித்தார்கள். நான் டம்ளர் இல்லாமல் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். ஐந்தாவது கேனை அத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். கேனே காலியாகிவிட்டது. புழுதி அவ்வளவு அப்பியிருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது.

மறுநாளே சீட்டெல்லாம் மாட்டியாகிவிட்டது. அப்பா அந்தக் காரில் ஆபீசுக்குப் போனார். அத்தை அப்புறம் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. ஆனால் அந்த மூன்றாவது கியர் எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நானும் விட்டுவைக்கவில்லை. வெகுநாள் அவளை “மூணாவது கியர் அத்தை” என்றுதான் கூப்பிட்டேன்.

போன மாதம் என் காரின் டிக்கியில் கேன்களை ஏற்றிக்கொண்டு, மழை ஈரத்தில் ஒரு மேட்டில் ஏறினேன். முன் சக்கரங்கள் அங்கேயே சுற்றின. ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தப் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை மனதில் கூட்டிப் பார்த்தேன். பின்சீட்டு பதினான்கு, ஸ்டெப்னி பன்னிரண்டு. இரண்டையும் கூட்டினாலும் ஆறு கேன் தண்ணீரின் முப்பது கிலோ வரவில்லை.

அத்தை இப்போது மின்னி பே பகுதியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அந்த மேட்டிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன்.

“அத்தை, அன்னைக்கு மூணாவது கியர் விழுந்துச்சுதானே?”

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. “இத்தனை வருஷம் கழிச்சு என்னடி கேள்வி இது?” என்று சிரித்தாள். பிறகு, “போனை வை பாப்பா, குழாய்ல தண்ணி வந்துருச்சு” என்றாள்.

ஒரு சொம்புத் தண்ணீரில் முகம், கை, கால் எல்லாம் கழுவி, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுகிறவள் என் அத்தை. முகத்துப் புழுதிக்கு ஒரு முழுக் கேன் தேவைப்படாது என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.