குட்டி யானையில் வீடு மாறியவர்கள்

வீட்டுச் சாமான் ஏற்றுகிற தொழிலில், ஒரு குடும்பம் ஏன் இடம் மாறுகிறது என்பது கட்டிலைக் கழற்றி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். பதினான்கு வருஷமாகத் தூத்துக்குடியில் குட்டி யானை வண்டி ஓட்டுகிறேன். வீடு மாறும்போது காலி அட்டைப்பெட்டிக்காகக் கடை கடையாக அலைந்திருக்கிற உங்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப் போவதில்லை.

மூச்சு

துறைமுகத்துக்கு லாரிகள் போகிற சாலையை ஒட்டிய வீடு. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் காலி செய்துகொண்டு சாத்தான்குளத்துக்குப் போனார். அவருடைய ஏழு வயது மகளுக்கு மூச்சிரைப்பு. புழுதி வராமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே லைட் எரிந்தது. "பிள்ளைக்காகப் பிடிச்ச வேலைய விட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி" என்று டீச்சர் ஒரே ஒரு தடவை சொன்னார்.

சாத்தான்குளத்தில் பிரிட்ஜைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாசல்படியில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தன் பையைத் திறந்து, மருந்து இழுக்கிற நீலக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டியது.

"மாமா, இத நீங்க வச்சுக்கோங்க. எனக்கு இங்கன தேவப்படாதாம்."

தூக்கத் தெரிந்தவர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர். பக்கவாதம் வந்து மனைவி படுக்கையில். வெள்ளம் வந்தபோது மார்பளவுத் தண்ணீரில் அந்த அம்மாவைத் தோளில் சுமந்து கரை சேர்த்தவர் பக்கத்து வீட்டு டெய்லர். அதற்குமேல் இங்கே இருக்க வேண்டாம் என்று சென்னையில் இருக்கும் மகன் முடிவு செய்துவிட்டார். நல்ல மகன்தான். லிஃப்ட் உள்ள வீடு, நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்து வைத்திருந்தார்.

சாமான் ஏறிவிட்டது. காரில் உட்காரவைக்க அம்மாவைத் தூக்கப் போனார் மகன். பிடிக்கத் தெரியவில்லை, அம்மா வலியில் கத்திவிட்டார். டெய்லர் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கே கை கொடுக்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று மகனுக்கு மூன்று முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை அம்மா கத்தவில்லை. கார் கிளம்பும்போது பெரியவர் டெய்லரைக் கண்ணால் காட்டி, ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்:

"அங்கன எல்லா வசதியும் இருக்குன்னு சொல்லுதான். இவரு இல்லையே."

மேலும் கீழும்

காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு பெண்ணின் சாமானை ஏற்றி வந்தேன். கணவர் துபாயில். கூட இருக்கிற பெற்ற உம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருந்தார். வண்டியிலிருந்து முக்காடு போட்ட இரண்டு பேர் இறங்கியதைக் கண்டதும் வீட்டுக்காரர் கதவைப் பூட்டினார். "நீங்க யாருன்னு புரோக்கர் சொல்லலையே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண் சண்டை போடவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் இறக்கச் சொல்லி, வேப்பமரத்தடியில் உம்மாவை உட்காரவைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

எதிர்வீட்டு நிலைக்கு மேலே மாதா படம் மாட்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா மீன் அறுத்த கையோடு வெளியே வந்தார். "எங்க மாடி காலியாத்தான் கெடக்கு" என்றார். உம்மா படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அந்த அம்மா வீட்டுக்குள் போய்க் கணவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு அதட்டல்:

"ஏலே டிரைவரு, மொதல்ல எங்க சாமானத் தூக்கி மாடியில வையி. பொறவு இவங்க சாமானக் கீழ இறக்கு."

ஊரை விட்டுப் போகிறவர்களையும் ஊருக்கு வருகிறவர்களையும் இதே வண்டியில்தான் ஏற்றுகிறேன். ஆனால் 'அங்கன தண்ணி எப்படி?' என்று கேட்கிற அளவுக்கு 'அங்கன ஆளுங்க எப்படி?' என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை.